பைக் கேள்வி–பதில்: ரிங் போட்ட எஞ்சினும் முதல் 500 கிலோமீற்றரும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் கொழும்பில் எத்தனையோ பேர் இருந்த பைக்கின் எஞ்சினையே கழற்றி இறக்கி, செய்து, ஓட்டினோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது இந்த முறை வந்த கடிதங்களிலேயே தெரிகிறது. எல்லாமே ஒரே விஷயம், புது ரிங் (பிஸ்டனைச் சுற்றிப் போடும் உலோக வளையம்) போட்டுச் செய்த எஞ்சினை எப்படிப் பழக்குவது என்பதுதான், அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது பழைய பல்சர் 150. புகை தள்ளி ஒயில் குடிக்கத் தொடங்கியதால் எஞ்சினை இறக்கி, சிலிண்டரை 0.50 ஓவர்சைஸுக்கு (அரை மில்லிமீற்றர் பெரிதாக) போர் பண்ணி, பிஸ்டன், ரிங், வால்வ் சீல், டைமிங் செயின் எல்லாம் பஞ்சிகாவத்தையில் வாங்கிப் புதிதாகப் போட்டாயிற்று. செய்த மெக்கானிக் பாஸ், "ஆயிரம் கிலோமீற்றர் வரை 40ஐத் தாண்டாதே" என்கிறார். என் மச்சான், "முதல் நாளே நல்லா முறுக்கு, இல்லாட்டி ரிங் உட்காராது" என்கிறான். நான் தினமும் போவது வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு. யாருடைய பேச்சைக் கேட்பது?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் எதையும் அப்படியே பிடித்துக்கொண்டால் எஞ்சின் கெடும். எனக்குப் பயமாக இருப்பது நீங்கள் சொன்ன அந்த வெள்ளவத்தை–மருதானைப் பயணம்தான். காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் நடுவில் ஊர்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்டார்ட்டில் நின்று போவது புதிதாகச் செய்த எஞ்சினுக்கு ஆகவே ஆகாது. தயவுசெய்து முதல் ஓட்டத்தை அந்த நேரத்தில் அந்த வீதியில் வைக்க வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். போர் பண்ணிய பிறகு ஹோனிங் கல்லை விட்டு சிலிண்டரின் உள்சுவரில் குறுக்குக் கோடுகள் போடுவார்கள், பார்த்தால் பாய் பின்னியது மாதிரி இருக்கும். அந்தக் கோடுகளின் மேட்டு முனைகள் கூர்மையாக இருக்கும். புது ரிங்கின் முகமும் அந்தச் சுவருக்கு இன்னும் பழகியிருக்காது. இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சமாகத் தேய்த்து, மேடுகள் மழுங்கி, பள்ளங்களில் மட்டும் ஒயில் தங்கி நிற்கிற நிலைக்கு வரவேண்டும், அதைத்தான் ரிங் உட்காருவது என்கிறோம். அந்தத் தேய்மானத்துக்கு ரிங் சுவரை நன்றாக அழுத்த வேண்டும், ஆனால் ரிங்குக்குத் தன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். மிச்சத்தை எரிகிற வாயுதான் செய்கிறது: அது ரிங்குக்கு மேலே உள்ள சின்ன இடைவெளியால் இறங்கி, ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து, அதை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. எக்சிலேட்டரைத் திறந்து எஞ்சினுக்கு வேலை கொடுக்கும்போதுதான் அந்த அழுத்தம் வரும். 40இல் ஒரே சீராக, மெத்தென்று உருட்டிக்கொண்டு போனால் வராது.

அழுத்தம் வராமல் ஓடினால் ரிங் ஒயிலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் அந்த ஒயில் சூட்டில் தீய்ந்து, ஹோனிங் கோடுகளை மெழுகி, சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதற்கு அப்புறம் ஐயாயிரம் கிலோமீற்றர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. எனக்கே இது நடந்தது. வருஷங்களுக்கு முன் ஒரு கராஜில் செய்த எஞ்சினை, "ஒரு மணி நேரம் சும்மா ஸ்டார்ட்டில் விடுங்கள், தானாகப் பழகும்" என்று சொன்னதைக் கேட்டு வீட்டு முற்றத்தில் விட்டேன், பிறகு ஒரு மாதம் பூனை மாதிரி ஓட்டினேன். புகை நிற்கவே இல்லை. திரும்ப இறக்கிப் பார்த்தபோது பிஸ்டனில் ஒரு பிழையும் இல்லை, சுவர் மட்டும் பளபளவென்று இருந்தது. கல்லை விட்டு, புது ரிங் போட்டு, இரண்டாவது முறை கூலி கொடுத்தேன். அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்படியென்றால் மச்சான் சொல்வது சரியா என்று கேட்பீர்கள். அதுவும் முழுதாக இல்லை. அலுமினியப் பிஸ்டன் சூடானால் சிலிண்டரின் உள்சுவரான இரும்பு லைனரை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், இரண்டுக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளியோ மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். புது எஞ்சினில் உராய்வு அதிகம், அதனால் சூடும் அதிகம். உங்களுடையது காற்றில் ஆறுகிற எஞ்சின், தண்ணீரும் இல்லை ஃபேனும் இல்லை. முதல் நாளே சிவப்புக் கோடு வரை முறுக்கி அங்கேயே பிடித்துக்கொண்டு போனால் பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே எஞ்சினுக்குச் சுமை கொடுங்கள், ஆனால் விட்டு விட்டுக் கொடுங்கள், நடுவில் ஆற விடுங்கள்.

எப்படி என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு எழும்புங்கள். டாங்கியில் பெற்றோல் போதுமான அளவு இருக்கட்டும், 92 ஒக்டேன் போதும். ஸ்டார்ட் பண்ணி இரண்டு மூன்று நிமிஷம் சூடேறட்டும், அதற்கு மேல் முற்றத்தில் நிற்க வேண்டாம். சோக்கை இழுத்தபடியே விடவும் வேண்டாம், அதிகமாகப் போகிற பெற்றோல் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிவிடும். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் ஏறி, கிருலப்பனையில் ஹைலெவல் வீதியைப் பிடித்து, மஹரகம, கொட்டாவை தாண்டும் வரைக்கும் சாதாரணமாகப் போங்கள். ஹோமாகம தாண்டியதும் பாதை திறக்கும், சின்னச் சின்ன ஏற்ற இறக்கமும் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது அதுதான். மூன்றாம் கியரில் 30இலிருந்து 50 வரை, எக்சிலேட்டரைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே திறந்து இழுக்க விடுங்கள். 50 வந்ததும் முழுதாக மூடி, கிளச் பிடிக்காமல், அதே கியரில் 30க்கு இறங்க விடுங்கள். மூடும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சுகிற அமுக்கம் வந்து கொஞ்சம் ஒயிலை மேலே இழுக்கும், அது சுவரைக் குளிர்த்தித் தேய்ந்த தூளையும் கழுவிக்கொண்டு போகும். அதனால் திறப்பதைப் போலவே மூடுவதும் முக்கியம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பின்னால் பஸ் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துச் செய்யுங்கள், நீங்கள் திடீரென்று வேகம் குறைப்பது அவனுக்குத் தெரியாது. அப்புறம் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, எஞ்சினைக் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆற விடுங்கள். பிளேன்டீ குடித்துக்கொண்டே எங்காவது ஒயில் கசிகிறதா, நட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். திரும்பி வரும்போது அதையே நாலாம் கியரில் 40இலிருந்து 60 வரை செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒயிலைச் சூட்டோடு இறக்குங்கள். ஆம், 80 அல்லது 100 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும், காசு வீண் என்று தோன்றும். இறக்கிய ஒயிலை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளித் தூள் மினுங்கும். அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்வீர்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். அடுத்த மாற்றம் 500இல், பிறகு 1000இல், அதற்குப் பின் வழமைபோல.

இந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு வேலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் 500 கிலோமீற்றர் வரை 5000 ஆர்பிஎம்முக்கு மேல் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், எப்போதாவது ஒரு தடவை 6000 தொட்டுத் திரும்பினால் பரவாயில்லை. ஒரே வேகத்தில் போகாதீர்கள். பெரிய கியரில் போட்டு எஞ்சின் திணறத் திணற இழுக்காதீர்கள், பாஸ் சொல்கிற 40இல் பலரும் செய்வது இதைத்தான், ஐந்தாம் கியரில் 40. முறுக்குவதை விட அது கெடுதி. சிக்னல் நீளமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். 500இல் வால்வ் இடைவெளியைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், புது எஞ்சினில் அது மாறும். குளிர்ந்த எஞ்சினில், காலையில், பார்க்க வேண்டும்.

பாஸோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவருக்கு இறுகிய பிஸ்டன்கள் நிறையத் திரும்பி வந்திருக்கும், அதனால்தான் 40 என்கிறார்.

கேள்வி: ஐயா, லேத்திலிருந்து சிலிண்டர் வந்துவிட்டது. எஞ்சினை நானே கட்டப் போகிறேன். கட்டுவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?
– தெஹிவளை வாசகர்

பதில்: கழுவுங்கள். இதை விட முக்கியமானது ஒன்றும் இல்லை. ஹோனிங் செய்தபோது கல்லிலிருந்து உதிர்ந்த துகள் அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும், பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் அது வெளியே வராது, எண்ணெய்ப் பசைதான் போகும். சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் எடுத்து, நைலோன் பிரஷால், கை வலிக்கும் வரை தேயுங்கள். பிறகு ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஒயில் தொட்டு உள்ளே துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பக் கழுவுங்கள். வெள்ளையாகவே வரும் வரைக்கும் இதுதான் வேலை. கழுவி முடிந்த உடனேயே ஒயில் பூசுங்கள், நம் கடற்கரைக் காற்றில் வெறும் இரும்புச் சுவர் ஒரு மணி நேரத்திலேயே துருவின் நிறம் காட்டும்.

அடுத்தது ரிங் இடைவெளி. ரிங்கைப் பிஸ்டனில் போடுவதற்கு முன் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். கைநூலில் அளவு இருந்தால் அதுதான் அளவு. இல்லாவிட்டால் போர் அளவில், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தில், ஒவ்வொரு 25 மில்லிமீற்றருக்கும் 0.1 மில்லிமீற்றர் என்று பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, 57 மில்லிமீற்றர் போருக்கு 0.23 வரும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. குறைந்தால், சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி, சுவரைக் கிழித்துவிடும். பெட்டியில் வந்ததை அப்படியே போடுகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் அளந்து பாருங்கள்.

ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே. மூன்று ரிங்கின் இடைவெளி வாய்களும் ஒரே நேர்கோட்டில் வராமல் விலக்கி வையுங்கள். பிஸ்டன் பின் கிளிப் பழையதைத் திரும்பப் போட வேண்டாம். எல்லாம் கட்டி ஒயில் ஊற்றிய பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டு, சும்மா கிக் அடித்துக்கொண்டே இருங்கள், ஹெட்டுக்கு ஒயில் ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகே பிளக்கைப் போடுங்கள்.

உங்கள் பைக் புதிய மாடல் என்றால் இன்னொன்று. சிலவற்றில் இரும்பு லைனர் இருக்காது, அலுமினியச் சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சு இருக்கும். அதை போர் பண்ணவே கூடாது. காந்தம் ஒன்றைச் சிலிண்டரின் உள்ளே வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டிக்கொண்டால் இரும்பு லைனர்.

கேள்வி: புது எஞ்சினுக்கு விலை கூடிய ஃபுல் சிந்தெட்டிக் ஒயில் விட்டால் நல்லதுதானே?
– மட்டக்குளி வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். முதல் 1000 கிலோமீற்றருக்குச் சாதாரண மினரல் ஒயில் போதும், இரண்டு மூன்று தடவை இறக்கி ஊற்றப் போகிறீர்கள், அந்தக் காசில் ஒயிலை நேரத்துக்கு மாற்றலாம். உராய்வைக் குறைக்க மருந்து கலந்த கார் ஒயிலை மட்டும் தொடாதீர்கள், பைக்கில் கிளச்சும் அதே ஒயிலுக்குள்தான் ஓடுகிறது, வழுக்கத் தொடங்கிவிடும். போத்தலின் பின்னால், அப்படிப்பட்ட கிளச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்று இருக்கிறதா என்று பார்த்து, கைநூல் சொல்கிற தடிப்பில் வாங்குங்கள். "ரிங் உட்கார உதவும்" என்று தனியாக விற்கிற எதையும் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் தகப்பனாரின் ஆர்எக்ஸ் 100ஐப் புது பிஸ்டன் போட்டு எழுப்பியிருக்கிறேன். ஒயில் பம்ப் கழற்றியாயிற்று, ஒயிலைப் பெற்றோலோடு கையால்தான் கலக்கிறேன். அடுத்த மாதம் கண்டிக்குப் போய் வர ஆசை.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தகப்பனாரின் பைக்கை எழுப்பியதற்கு முதலில் என் வாழ்த்து. ஆனால் மேலே பல்சர் தம்பிக்கு எழுதியதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தலைகீழ், அதனால் கவனமாகப் படியுங்கள். நாலு ஸ்ட்ரோக்கில் எக்சிலேட்டரை மூடி எஞ்சினாலேயே வேகம் குறைப்பது நல்லது. உங்கள் இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒயில் பெற்றோலோடுதான் உள்ளே போகிறது, மூடினால் பெற்றோல் நிற்கும், பெற்றோல் நின்றால் ஒயிலும் நிற்கும். கண்டியிலிருந்து திரும்பும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் எக்சிலேட்டரை மூடிவிட்டு மூன்றாம் கியரில் எஞ்சின் சத்தம் போடப் போட இறங்கினால், உள்ளே பிஸ்டன் வறண்டு ஓடும். இறக்கத்தில் பிரேக்கை நம்புங்கள், இடைக்கிடை எக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து ஒயில் கொடுங்கள்.

கலவை: முதல் 500 கிலோமீற்றருக்கு ஒரு லீட்டர் பெற்றோலுக்கு 40 மில்லி ஒயில், பிறகு 30 மில்லிக்கு வரலாம். "புது எஞ்சின்தானே" என்று 60, 70 ஊற்ற வேண்டாம். ஒயில் கூடக் கூட கார்புரேட்டரின் அதே ஜெட்டால் (சின்னத் துளையால்) போகிற பெற்றோல் குறையும், காற்றோடு சேர்ந்த கலவை மெலிந்து சூடு ஏறும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே பிஸ்டனை இறுக்கிவிடும். ஓடும்போது திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தால் யோசிக்காமல் கிளச்சைப் பிடியுங்கள், இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளச்சின் மேலேயே இருக்கட்டும். கண்டிப் பயணத்தை 500 முடிந்த பிறகு வையுங்கள். அதற்குள் இரண்டு மூன்று ஞாயிறு நீர்கொழும்பு போய் வாருங்கள், மேடு பள்ளம் இல்லாத பாதை, கடற்காற்று வேறு.

கேள்வி: வணக்கம். ஸ்கூட்டி எஞ்சின் செய்து எடுத்தோம். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் விடலாமா? பாரம் ஏற்றக்கூடாது என்று பயமுறுத்துகிறார்கள். கியரும் இல்லை, எப்படிப் பழக்குவது?
– வத்தளை வாசகி

பதில்: தாராளமாக ஏற்றுங்கள் அக்கா. ஒரு பிள்ளையின் பாரம் எஞ்சினுக்குக் கெடுதி இல்லை. இரண்டு பெரியவர்களும் ஒரு அரிசி மூட்டையும் என்றால்தான் ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்வேன். காற்றில் ஆறுகிற ஸ்கூட்டி எஞ்சினுக்குத் தனி ஃபேன் இருக்கிறது, அதனால் பேலியகொடை நெரிசலில் நின்றாலும் பல்சர் அளவுக்குச் சூடேறாது. ஆனால் அந்த ஃபேனையும் மூடிகளையும் திரும்பச் சரியாக மாட்டினார்களா என்று பாருங்கள், ஒரு ஸ்க்ரூ மிச்சம் என்று மூடியில்லாமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கியர் இல்லாததால் நீங்கள் செய்ய வேண்டியது, 25இலிருந்து 45 வரை இழுத்து, விட்டு, திரும்ப இழுப்பதுதான். மகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது செய்யுங்கள்.

கேள்வி: ரிங் போட்டு 300 கிலோமீற்றர் ஓடிவிட்டது, இன்னும் புகைக்கிறது. திரும்ப இறக்க வேண்டுமா?
– ஜா-எல வாசகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் புகை எப்போது வருகிறது என்று ஒருவரைப் பின்னால் வரச் சொல்லிப் பாருங்கள். இழுக்கும்போது நீலமாக வந்தால் ரிங். எக்சிலேட்டரை மூடி ஓடிவிட்டு, திரும்பத் திறக்கும் கணத்தில் ஒரு பொத்தென்று வந்தால் வால்வ் சீல் அல்லது கைடு, அதற்கு சிலிண்டரைத் தொட வேண்டியதே இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வெள்ளையாக வந்து போய்விட்டால் அது வெறும் நீராவி. கறுப்பாக வந்தால் கார்புரேட்டரைப் பாருங்கள். ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் புகைக்கும், பைக்கை நேராக நிறுத்திக் குச்சியில் மட்டம் பாருங்கள்.

ரிங்தான் என்றால், இதுவரை எப்படி ஓட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மெதுவாகவே ஓட்டியிருந்தால் மேலே சொன்ன மாதிரி இரண்டு நாள் காலையில் இழுத்து, விட்டு ஓட்டிப் பாருங்கள், 300இல் பெரும்பாலும் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு 100 கிலோமீற்றருக்கும் எவ்வளவு ஒயில் குறைகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். குறைகிற அளவு தடவைக்குத் தடவை சிறிதாகி வந்தால் விட்டுவிடுங்கள், உட்கார்ந்துகொண்டிருக்கிறது. 1000 வந்த பிறகும் அதே அளவு குறைந்தால் இறக்குங்கள், இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று சுவரைப் பாருங்கள். கோடுகள் தெரிந்தால் ரிங் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பளபளவென்று இருந்தால் புது பிஸ்டன் வாங்கச் சொன்னாலும் வாங்காதீர்கள், பிஸ்டனில் காயம் இல்லாவிட்டால் ஹோனிங்கும் ஒரு செட் ரிங்கும் போதும்.